வேண்டாத வசதியை பில்டிலேயே விலக்கலாமா? குலசேகரத்துத் தம்பியின் கேள்வியும் தொடர்ச்சியும்

கேள்வி, 2024 ஜூன் 6, காலை
பெரிய கட்டற்ற மென்பொருள் எதை எடுத்தாலும் நமக்குத் தேவையில்லாத நூறு சமாசாரம் உள்ளே கிடக்கு. நான் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டுல ஓட்டப் பாக்கேன், இடம் பத்தல. ஒவ்வொரு வசதிக்கும் கம்பைல் பண்ணும்போதே, அதாவது கோடை ஓடுற புரோகிராமா பில்ட் பண்ணும்போதே, ‘வேணும், வேண்டாம்’னு ஒரு ஆப்ஷன் வச்சா என்ன குறைஞ்சு போகும்? கோட் குறையும், பிழை குறையும், பாதுகாப்பு கூடும். ஒரு புராஜெக்ட்டுல கேட்டேன், அதைப் பராமரிக்கிற மெயின்டெய்னர் முடியாதுன்னுட்டாரு. சோம்பேறித்தனம்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?
— குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்

ஜூன் 6, இரவு 9.50
தம்பி, நீ சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014 ஏப்ரல் 7. இணைய இணைப்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த நாள். ‘ஹார்ட்பீட்’ என்று ஒரு சின்ன வசதி. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. 1.0.1 பதிப்பில் வந்தது, கேட்காமலே எல்லோருக்கும் இயக்கத்தில் இருந்தது. உலகத்தில் எத்தனை பேருக்கு அது உண்மையில் வேண்டியிருந்தது? உடனே புதிய பதிப்புக்கு மாற முடியாதவர்களுக்கு அந்த அறிவிப்பிலேயே மாற்று வழி கொடுத்திருந்தார்கள்: ‘நோ ஹார்ட்பீட்ஸ்’ என்ற ஆப்ஷனைப் போட்டு மறுபடியும் கம்பைல் செய்யுங்கள். முன்னாலேயே அப்படிக் கட்டி வைத்திருந்தவர்களை அந்த ஓட்டை தொடவே இல்லை. உன் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வீடியோ, ஆடியோவைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இன்னொன்று. ‘எல்லாவற்றையும் அணை’ என்று ஒரு ஆப்ஷன் கொடுத்து, பிறகு வேண்டிய டிகோடரை மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்கலாம். பிஸிபாக்ஸ் 300-க்கும் மேற்பட்ட லினக்ஸ் கட்டளைகளை ஒரே பைனரியில், அதாவது ஓடும் கோப்பில், அடக்கியது. ஒவ்வொன்றும் தனித்தனியாக விலக்கக்கூடியது. 1995-ல் ஒரு ஃப்ளாப்பியில் முழு சிஸ்டத்தையும் அடக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை அது.

ஆனால் மெயின்டெய்னர் சோம்பேறி என்றாயே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். கரன்ட் போய் வந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 7, காலை 6.15
கணக்கு மட்டும் இப்போது. ஒரு ஆப்ஷனுக்கு இரண்டு நிலை. 10 ஆப்ஷன் வைத்தால் 1,024 விதமான மென்பொருள். 20 வைத்தால் 10,48,576. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 10,000-க்கு மேல் இருக்கிறது. நீ ஒரு ஆப்ஷன் கேட்டால் ஒரு சுவிட்ச் கேட்டதாக நினைக்கிறாய். மெயின்டெய்னர் காதில் ‘இருப்பதை இரண்டு மடங்காக்கு’ என்று விழுகிறது.

ஜூன் 9, ஞாயிறு, மதியம்
இதை எனக்குப் புரியவைத்ததும் ஒரு மெயின்டெய்னர்தான். கொஞ்சம் நீளும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மீடியா சர்வர் புராஜெக்ட்டுக்கு பேட்ச், அதாவது கோட் திருத்தம், அனுப்பினேன். பெயர் வேண்டாம். படங்களுக்குச் சிறு உருவம் தயாரிக்கும் வேலையை விலக்கும் ஆப்ஷன். எனக்கு அது தேவையில்லை, அதற்கு வேண்டிய லைப்ரரி பெரிது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து, அந்தச் செயல்பாட்டைக் கூப்பிடும் ஒவ்வொரு இடத்திலும் இஃப்டெஃப் போட்டேன். ‘ஆப்ஷன் இருந்தால் மட்டும் இந்த வரிகளைச் சேர்’ என்று சொல்வது அது. மொத்தம் 37 இடம். கம்பைல் ஆனது, ஓடியது. பைனரி சிறுத்தது. சந்தோஷமாக அனுப்பினேன்.

பதில் மூன்று நாளில் வந்தது. இரண்டே கேள்வி. அணைத்த பில்டை இனிமேல் யார் தினமும் சோதிப்பது? நீங்கள் ஆறு மாதம் கழித்து இங்கே இருப்பீர்களா? கோபம் வந்தது. நான் இலவசமாக வேலை செய்து கொடுத்தால் இப்படியா கேட்பது என்று. பதில் போடாமல் என் கையில் உள்ள பிரதியில் மட்டும் அந்த பேட்சை வைத்து ஓட்டினேன்.

மூன்று மாதம் நன்றாக ஓடிற்று. அதற்குள் இரண்டு முறை அவர்களுடைய புது மாற்றங்களை இழுத்துக் கலந்திருந்தேன். ஒருநாள் சர்வர் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினால் ஓடும், சில மணி நேரத்தில் நிற்கும். திறந்து வைத்த கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தேன், 1,024-ல் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு ப்ராசஸுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் வரம்பு அது.

தேடிப் பிடித்த இடம் இப்படி இருந்தது. ஒரு ‘இஃப்’. படம் இல்லையென்றால் பதிவேட்டில் ஒரு வரி எழுது. அடுத்த வரியில் ‘எல்ஸ்’ (இல்லாவிட்டால்), அதற்கு அடைப்புக்குறி இல்லை. எல்ஸுக்கு அடியில் சிறு உருவம் தயாரிக்கும் ஒற்றை வரி. அதைச் சுற்றித்தான் என் இஃப்டெஃப். அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் பொதுவாக, கோப்பை மூடும் வரி. வசதியை அணைத்தால் நடுவில் இருந்த வரி மறைந்துவிடும். எல்ஸ் மட்டும் நிற்கும். அதற்கு அடுத்து வருவது கோப்பை மூடும் வரி, அது போய் எல்ஸுக்குள் விழுந்துவிட்டது. படம் இல்லாத கோப்பு எதுவும் மூடப்படவே இல்லை. நான் பேட்ச் போட்டபோது அங்கே எல்ஸே கிடையாது. பிறகு யாரோ சேர்த்தது. அவருடைய பில்டில் வசதி இயக்கத்தில் இருந்ததால் எந்தக் குறையும் இல்லை. கம்பைலரும் ஒன்றும் சொல்லவில்லை, இலக்கணப்படி அது சரிதான்.

தவறு அவர் மேலும் இல்லை, கம்பைலர் மேலும் இல்லை. அணைத்த நிலையை உலகத்தில் நான் ஒருவன்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெயின்டெய்னர் கேட்ட கேள்வி அதுதான்.

ஜூன் 9, மதியம், சாப்பிட்டு வந்தபின்
மேலே ‘அவர் மேலும் தவறு இல்லை’ என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். அடைப்புக்குறி போட்டு எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் ஒரு அடைப்புக்குறியை நம்பித்தான் ஒரு வசதி பிழைக்கிறது என்றால் அந்த வசதியை விலக்கிய விதமே சரியில்லை. அந்தப் பொறுப்பு என்னுடையது.

ஜூன் 13, இரவு
திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் வாசகர் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார்கள்: ‘அப்ப ஆப்ஷனே கூடாதுன்னா கர்னல் எப்படி 10,000 வச்சிருக்கு?’

அக்கா, ஆப்ஷன் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே வைப்பது என்பதுதான் பேச்சு. வீடு கட்டும்போது பைப் போகும் பாதையைச் சுவரிலேயே விட்டுக் கட்டுவது ஒன்று. பூசி முடித்த சுவரை 37 இடத்தில் கொத்துவது இன்னொன்று. நான் செய்தது இரண்டாவது.

கர்னலின் எழுத்து நெறியிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். சி மொழிக் கோப்புக்குள் இஃப்டெஃப் வேண்டாம். பல சி கோப்புகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பில் வை. வசதி இருந்தால் உண்மையான ஃபங்ஷன். இல்லையென்றால் அதே பெயரில் ஒன்றும் செய்யாத வெற்று ஃபங்ஷன். கூப்பிடுகிறவனுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. வெற்று ஃபங்ஷனை கம்பைலர் தானே அழித்துவிடும், ஒரு பைட்டும் மிச்சம் இருக்காது.

இன்னொரு வழி ‘இஸ் எனேபிள்ட்’ மேக்ரோ. சாதாரண இஃப் வாக்கியத்துக்குள் ஆப்ஷனைச் சோதிப்பது. அணைந்திருந்தால் உள்ளே இருப்பதை கம்பைலர் தூக்கிப்போட்டுவிடும். ஆனால் தூக்கிப்போடும் முன் அதைப் படித்துப் பார்க்கும். வகை தவறா, பெயர் தவறா என்று சொல்லும். இஃப்டெஃப் போட்டால் அந்த வரிகள் கம்பைலர் கண்ணுக்கே போகாது. எந்த நிலையில் கட்டினாலும் இரண்டு பக்கமும் ஒருமுறை கண்ணில் படுகிறதே, அது பெரிய காரியம்.

அதோடு எந்த ஆப்ஷன் எதைச் சார்ந்தது என்று கேகன்ஃபிக் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2002-லிருந்து இருக்கிறது. சும்மா குருட்டாம்போக்கில் ஆப்ஷன்களைத் தேர்ந்து கட்டிப் பார்க்க ‘ராண்ட்கன்ஃபிக்’ உண்டு. இன்டெல் நடத்தும் ரோபோ ஒன்று ராத்திரி பகலாக இப்படிக் கட்டிப் பார்த்து, உடைந்தால் பேட்ச் போட்டவருக்கே மெயில் அனுப்புகிறது. 10,000 ஆப்ஷனைத் தாங்குவது இந்த ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோட் எழுதும் மூன்று பேர் நடத்தும் புராஜெக்ட்டில் இது எங்கே இருக்கும்?

ஜூன் 14, காலை
அக்கா சுட்டிக்காட்டியது சரி. இஸ் எனேபிள்ட் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உள்ளே குறிப்பிடும் ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு) உறுப்போ பெயரோ, வசதி அணைந்தால் இல்லாமலே போய்விடும் என்றால் கம்பைல் உடையும். அங்கே இஃப்டெஃப்தான். திருத்திக்கொள்கிறேன்.

‘டிபெண்ட்ஸ்’, ‘செலக்ட்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லியிருக்க வேண்டும். டிபெண்ட்ஸ் என்றால் அது இருந்தால்தான் இது. செலக்ட் என்றால் இதை எடுத்தால் அதையும் இழுத்துக்கொண்டு வா. செலக்ட் பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் இழுத்து வரப்படும் ஆப்ஷனுக்கு என்ன தேவை என்று அது பார்ப்பதில்லை. கல்யாணத்துக்கு ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாயிற்று, அவர் துணைக்கு யார் வேண்டும் என்று கேட்கவில்லை என்பது மாதிரி. தம்பி, உன் பேட்சில் செலக்ட் போடும் முன் இரண்டு தடவை யோசி.

ஜூன் 16, ஞாயிறு
மழை விடவில்லை. வெளியே போக வழியில்லாததால் பழைய கதை ஒன்று.

கர்னலைச் சிறிதாக்க ‘லோக்கல்மாட்கன்ஃபிக்’ என்று ஒரு சுருக்குவழி. இப்போது உன் கணினியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற துணைப் பகுதிகளை) மட்டும் பார்த்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடும். பழைய லேப்டாப்பில் முழு கர்னல் கட்ட ஒரு ராத்திரி ஆகும், இன்வெர்ட்டர் தாங்காது. இதைப் போட்டுக் கட்டினேன், ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அந்தக் கர்னலோடு மார்த்தாண்டத்தில் ஒரு நண்பர் கடைக்குப் போனேன். அவருடைய போர்டில் சீரியல் கேபிள் மாட்ட வேண்டிய வேலை. மாட்டினால் ஒன்றும் வரவில்லை. கேபிள் கெட்டுப்போயிற்று என்று இரண்டு கேபிள் மாற்றினோம். பிறகுதான் உறைத்தது: கர்னல் கட்டிய ராத்திரி அந்தக் கேபிள் பையில் இருந்தது, கணினியில் மாட்டியிருக்கவில்லை. அதன் டிரைவர் கட்டப்படவே இல்லை.

அந்தக் கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ‘இப்போது ஓடுகிறதா’ என்று பார்த்தது. எனக்கு வேண்டியிருந்தது ‘எப்போதாவது வேண்டியிருக்குமா’ என்பதற்குப் பதில், அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் இருக்கிற எல்லாச் சாமானையும் ஒருமுறை மாட்டி எடுத்து, மாட்யூல் பட்டியலைக் கோப்பில் சேமித்து, அதை அந்தக் கட்டளைக்குக் கொடுத்துத்தான் கட்டுகிறேன்.

ஜூன் 22, சனி, இரவு
இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரின் வாசகசாலைக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன். 16 எம்பி ஃப்ளாஷ் உள்ள போர்டு, ஒரு பென்டிரைவ், அவ்வளவுதான். வைஃபையில் சேர்ந்தால் படிக்க, கேட்கச் சில கோப்புகள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. இந்த இரண்டு மாதம் ஆண்களெல்லாம் கரையில் இருப்பார்கள், வாசகசாலை நிறைந்திருக்கும். அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரமாகச் செய்தேன். இடம் குறைவு என்பதால் பிஸிபாக்ஸை நானே கட்டினேன். டிஃபால்ட் அமைப்பை எடுத்து, வேண்டாத கட்டளைகளை விலக்கி, அனுப்பிவிட்டேன்.

பென்டிரைவில் நாலு அடைவு: மீன், தேனீ, தென்னை, ரப்பர். புதுக் கோப்பு சேர்க்கும் பொறுப்பை அந்த ஊர்க் கல்லூரி மாணவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். லேப்டாப்பிலிருந்து உள்ளே நுழைந்து பட்டியல் எடுத்தால் அவருக்குத் தெரிந்தது இது:

????
????
??????
??????

எனக்கு போன் வந்தது. ‘அண்ணே, பென்டிரைவுல என்னவோ வைரஸ் கேறியிருக்கு. ஒரே பேருல ரெண்டு ரெண்டு ஃபோல்டர், எல்லாம் கேள்விக்குறி. நான் அழிச்சிட்டேன்.’

அவர் மேல் என்ன தப்பு? மீன் என்பது கணினிக்கு நாலு குறி: ம, ஈகாரக் குறி, ன, புள்ளி. தேனீயும் நாலு. தென்னை ஆறு, ரப்பரும் ஆறு. நாலும் ஆறுமாகக் கேள்விக்குறி வந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். தென்னை அடைவில் ஒரு பெரியவர் தன் குரலில் பதிந்து கொடுத்த நாலு ஒலிப்பதிவு இருந்தது. மற்றதெல்லாம் என்னிடம் பிரதி இருக்கிறது. அது நாலும் பென்டிரைவில் மட்டும்தான் இருந்தது.

காரணத்தைத் தேடினேன். எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் முறை யூனிகோட். பிஸிபாக்ஸின் யூனிகோட் பகுதியில் ஒரு ஆப்ஷன் இருக்கிறது: ஏற்கும் கடைசி எழுத்தின் எண். அதற்கு மேற்பட்ட எழுத்தெல்லாம் திரையில் காட்ட முடியாதது என்று வைத்துக்கொண்டு கேள்விக்குறி போடும். டிஃபால்ட் 767. தமிழ் தொடங்குவது 2944-ல்.

ஏன் 767? உதவிக் குறிப்பில் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் இன்னோர் எழுத்தோடு ஒட்டும் குறிகள் கிடையாது. அதனால் கோட் சுமார் 700 பைட் குறையும். 4351 என்று வைத்தால் சுமார் 300 பைட் குறையும். 0 என்றால் வரம்பில்லை.

700 பைட். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். 234 குறி எழுதினால் 700 தாண்டிவிடும். அந்தப் பெரியவரின் குரல் இந்த 700 பைட்டோடு போயிற்று.

ஜூன் 23, ஞாயிறு, அதிகாலை
பிஸிபாக்ஸ் ஆட்களைக் குறை சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ளாப்பிக்குள் அடக்கப் பிறந்தது, அவர்களுக்கு ஒவ்வொரு பைட்டும் கணக்கு. ஆப்ஷனை வைத்து, அதன் விலையை எழுதி, மாற்ற வழியும் கொடுத்திருக்கிறார்கள். அந்த மெனு பக்கத்தைத் திறந்து பார்க்காதது நான். வேண்டாத கட்டளைகளை விலக்க மூன்று மணி நேரம் செலவழித்தவன், ஏற்கெனவே விலக்கப்பட்டிருப்பது என்ன என்று பார்க்கவில்லை.

ஜூன் 23, மாலை
எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்று நேற்று தோன்றும்படி எழுதிவிட்டேன். சரியாகவில்லை. 4351 வைத்துக் கட்டினேன். வந்தது:

ம?ன?
தேன?
தென?னை
ரப?பர?

புள்ளியையும் ஈகாரக் குறியையும் காணோம். அகலமில்லாத குறிகளைக் காட்டுவதற்குத் தனியாக இன்னொரு ஆப்ஷன் இருக்கிறது, அதுவும் டிஃபால்ட்டில் அணைந்தே இருக்கிறது. யூனிகோட் கணக்கில் புள்ளியும் ஈகாரக் குறியும் அகலமில்லாத வகை. இகரக் குறி அப்படியில்லை, அதனால் அது தப்பித்துக்கொள்கிறது. ‘மின்’ என்று எழுதினால் புள்ளி மட்டும் போகும், ‘மீன்’ என்றால் இரண்டும் போகும்.

இரண்டையும் மாற்றிக் கட்டிய பிறகுதான் ‘மீன்’ என்று வந்தது. அந்த ஒரு சொல்லைத் திரையில் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குறிப்பு: விளவங்கோடு பக்கம் மலையாளக் கோப்புப் பெயரும் வரும். மலையாளம் 3328-ல் தொடங்குகிறது, 4351-க்குள் அடங்கும். மலையாளத்தில் புள்ளி மாதிரி வரும் சந்திரக்கலைக்கும் அதே இரண்டாவது ஆப்ஷன் வேண்டும். நான் கடைசியில் 0 என்றே வைத்துவிட்டேன்.

ஜூன் 29, சனி
ஒரு வாரமாக இதே நினைப்பு. நம் எழுத்து எத்தனை இடத்தில் ‘விருப்பத் தேர்வு’ப் பட்டியலில் கிடக்கிறது என்று தேடினேன்.

ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ். 12-ஆம் பதிப்பு வரை டிஃபால்ட் பில்டில் ஆங்கில மொழித் தகவல் மட்டும். 2019-ல் வந்த 13-லிருந்துதான் எல்லா மொழியும் உள்ளே. அதற்கு முன்னால் ‘தமிழ் முறையில் தேதி கொடு’ என்று கேட்டால் பிழை சொல்லாது. அமெரிக்க முறையில் கொடுக்கும். ஜூன் 7-ஐ 6/7 என்று. நமக்கு அது ஜூலை 6. பார்க்கிறவருக்கு எங்கேயும் சந்தேகம் வராது, தேதி மாதிரியே இருக்கிறது.

ஆல்பைன் லினக்ஸ் 3.16-ல் ஐசியு தகவலை, அதாவது மொழிவாரியான தேதி, எழுத்து விதிகளை, இரண்டாகப் பிரித்தார்கள். ஆங்கிலம் மட்டும் உள்ளது சிறியது, டிஃபால்ட்டாக வரும். முழுதும் வேண்டுமென்றால் நீ கேட்டு வாங்க வேண்டும்.

கோடோ 4. விளையாட்டுகளுக்கான எஞ்சின். அளவைக் குறைக்க, மேம்பட்ட எழுத்து மாட்யூலை அணைத்துவிட்டு எளிய மாட்யூலை வைக்கலாம். சிக்கலான வரிவடிவங்களுக்கு இது ஒத்துவராது என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அப்படிக் கட்டி ‘கொடி’ என்று எழுதிப் பார், கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும்.

இவற்றோடு எஃப்எஃப்எம்பெக்கை வைத்துப் பார்க்கிறேன். வீடியோ மேல் எழுத்துப் பதிக்கும் ‘டிராடெக்ஸ்ட்’டுக்கு இப்போது ஹார்ஃப்பஸ் கட்டாயம். எழுத்துகளைச் சரியாக இணைத்துக் கோக்கும் லைப்ரரி அது. அது இல்லாமல் கட்டினால் டிராடெக்ஸ்டே இருக்காது. கேட்டால் அப்படி ஒரு ஃபில்டர் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். எனக்கு இது பிடித்திருக்கிறது. பாதி வேலையைச் செய்து தமிழைச் சிதைத்துக் கொடுப்பதைவிட, இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை. வாசகசாலைப் பெட்டியும் ‘எனக்கு இந்த எழுத்து தெரியாது’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த மாணவர் எதையும் அழித்திருக்க மாட்டார்.

விம் எடிட்டரில் பல பைட் எழுத்துகளுக்கான ஆதரவு வெகு காலம் பில்ட் ஆப்ஷனாக இருந்தது. 2019-ல், 8.1 பதிப்புக் காலத்தில், அந்த ஆப்ஷனையே எடுத்துவிட்டு நிரந்தரமாக உள்ளே வைத்துவிட்டார்கள். ஒரு ஆப்ஷனை எடுத்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

ஜூன் 29, இரவு
அக்கா கேட்கிறார்கள்: அப்ப மொழி ஆதரவுக்கு மட்டும் ஆப்ஷன் கூடாதுன்னு சட்டம் போடணுமா?

இல்லை அக்கா. ஒரு கிணற்று மோட்டாருக்குள் ஓடும் போர்டுக்கு எந்த மொழியும் வேண்டாம், அங்கே அணைக்கட்டும். ஆனால் டிஃபால்ட் என்பது யாரும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்வது. அந்த இடத்தில் எழுத்து இருக்க வேண்டும். இடம் குறைந்தவன் தேடி வந்து அணைத்துக்கொள்ளட்டும். இன்றைக்குத் தமிழ்க்காரன் தேடிப் போய்த் திறக்க வேண்டியிருக்கிறது. திறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிவதே கோப்பு போன பிறகுதான்.

ஜூலை 5
சின்னக் குறிப்பு. இணையத்திலிருந்து கோப்பு இறக்க உதவும் கர்லிடம் அதன் பதிப்பைக் கேட்டால் எண்ணோடு நிற்காது. எந்தெந்த நெறிமுறை, எந்தெந்த வசதி உள்ளே கட்டப்பட்டிருக்கிறது என்று பட்டியல் போடும். விம்மும் கூட்டல், கழித்தல் குறி போட்டு எல்லாவற்றையும் காட்டும். தம்பி, உன் பேட்சில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும். பைனரியைப் பிடித்துக் கேட்டால் தன்னிடம் என்ன இல்லை என்று அது சொல்ல வேண்டும்.

ஜூலை 6
சின்ன தரவுத்தளமான எஸ்க்யூலைட்டை விட்டுவிட்டாயே என்று ஒருவர் கேட்கிறார். ஆம், அதில் ‘ஒமிட்’ என்று தொடங்கும் ஆப்ஷன்கள் வரிசையாக உண்டு. எல்லோரும் இறக்கிப் பயன்படுத்தும் ஒற்றைப் பெரிய சி கோப்பில் அவை வேலை செய்யாமல் போகலாம், மூலக் கோப்புகளிலிருந்து கட்டுங்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். சோதனைக்குப் பெயர்போன புராஜெக்ட் அது. அவர்களே இந்த இடத்தில் இவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசுகிறார்கள்.

ஜூலை 14, ஞாயிறு
தம்பி புதிய பேட்சை அனுப்பியிருந்தான், படித்தேன். என் முதல் பேட்சைவிட எவ்வளவோ மேல். வசதி முழுதும் ஒரே சி கோப்பில் போயிருக்கிறது. ஹெடரில் மூன்று வெற்று ஃபங்ஷன். மற்ற கோப்புகளில் ஒரு இஃப்டெஃப்பும் இல்லை. என் மீடியா சர்வர் பேட்சையும் பிறகு இதே மாதிரி மாற்றி எழுதித்தான் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். 37 இடம் 3 ஆனது.

இரண்டு விஷயம் திருத்து. ஒன்று, வெற்று ஃபங்ஷன் ‘வெற்றி’ என்று பதில் சொல்லித் திரும்புகிறது. கூப்பிட்டவன் வேலை நடந்துவிட்டது என்று நம்பிவிடுவான். ‘ஆதரவு இல்லை’ என்ற பிழை எண்ணைக் கொடு. இரண்டாவது, அணைத்த நிலையையும் ஒவ்வொரு முறையும் கட்டி, சோதனைகளை ஓட்டும்படி தானியங்கிக் கோப்பில் ஒரு பத்து வரி சேர். மெயின்டெய்னர் கேட்கும் முன் நீயே கொடுத்துவிடு.

சோம்பேறி என்று சொன்னாயே, அவருக்கு எழுதும்போது அந்தக் கோபம் எழுத்தில் வராமல் பார்த்துக்கொள்.

ஜூலை 20, சனி
நேற்று வாசகசாலைக்குப் போய் புதிய பில்டை ஏற்றிவிட்டு வந்தேன். மாணவர் உட்கார்ந்து பட்டியல் எடுத்தார். நாலு பெயரும் முழுதாக வந்தன. ஐந்தாவதாக ஒரு அடைவுக்கு அவரே ‘காற்று’ என்று பெயர் வைத்து, சரியாகத் தெரிகிறதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டார்.

பெரியவர் வீட்டுக்கும் போனோம். நடந்ததைச் சொன்னேன். கட்டன் சாயா கொடுத்துவிட்டு, ‘தென்னையைப் பத்தி நான் சொல்லி முடிக்கவே இல்லியே, மக்கா. மறுபடி பிடி’ என்றார். இரண்டு பதிவு ஆயிற்று. குருத்து அழுகல் பற்றிப் பேசுவதற்குள் மழை ஓட்டில் அடித்த சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். தம்பி, குலசேகரத்திலிருந்து நீயும் வருவதானால் உன் போர்டை எடுத்துக்கொண்டு வா. அங்கேயே உட்கார்ந்து அந்த அணைத்த பில்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம்.